பதினெட்டாவது கைநாட்டு

பேய் பிசாசை நம்புகிற ஆள் நான் இல்லை. பேயை விடுங்கள், மனிதர்களையே நம்புகிற ஆள் இல்லை. இருபத்தாறு வருடமாகச் சிறைக் காவலன், வார்டர் என்றால்தான் ஊரில் புரியும். காரைக்கால் பக்கத்தில் எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், தப்பு செய்தது நான், கட்டடம் இல்லை. இந்த வேலையில் ஒருத்தன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்க்க வேண்டும், அழுதால் இரண்டு மடங்கு பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்துப் புத்தியே அப்படி ஆகிவிட்டது. கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் பத்து வருடமாக ஊற்றுகிறார், இன்றைக்கும் பாலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காமல் உள்ளே விட மாட்டேன். "ஒங்களத் தேடி எமன் வந்தாகூட அடையாள அட்டைய காட்டுன்னு நிப்பீங்க" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கதை என்று கேட்டுவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

சிறையில் இருப்பவரை வீட்டார் வந்து பார்ப்பதற்கு 'மனு பார்ப்பது' என்று பெயர். வெளியே ஜன்னலில் மனு எழுதிக் கொடுத்து, நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, பிறகு கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நிற்கிறவரோடு பேசலாம். எங்களிடம் இருந்தவர்கள் முக்கால்வாசி விசாரணைக் கைதிகள், தண்டனை ஆகாதவர்கள், அதனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கொண்டு வந்தவர் அதில் ஒரு வாய் எங்கள் கண் முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சாப்பிட்டால் உள்ளே போகும், இல்லையென்றால் போகாது. எழுதி வைத்த சட்டமா என்று கேட்டால் தெரியாது, எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நான் செய்தேன். இட்லிக்குள் மாத்திரை வைப்பான், ரசத்தில் கஞ்சாவைக் கரைப்பான், மீன் வயிற்றுக்குள் சிம் கார்டு வைத்துத் தைத்துக் கொண்டு வந்தவளை நானே பிடித்திருக்கிறேன். ஜன்னல் வேலை எனக்குத்தான் என்று ஜெயிலரே சொல்லிவிட்டார், என் கண்ணைத் தாண்டி ஒரு மிளகு உள்ளே போகாது என்று.

திங்கட்கிழமை தோறும் கதீஜா நாச்சியார் வருவார். அறுபது வயசு இருக்கும், ஒல்லி, வெள்ளைத் துப்பட்டி, கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. மூடியில் 'கதீஜா' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். மகன் ரபீக் எங்களிடம் விசாரணைக் கைதி. கடைத்தெருவில் ஒரு கைகலப்பு, ஒருவனுக்கு மண்டை உடைந்து சாகக் கிடந்து பிழைத்தான், கட்டையை ஓங்கியது ரபீக் என்று வழக்கு. நான் விலக்கித்தான் விட்டேன் என்பான் அவன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மா கொண்டு வருவது பெரும்பாலும் வாடா, எங்கள் பக்கத்துப் பலகாரம், அரிசி மாவு வடையின் தலையில் ஒரு இறால் உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் நுனியில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு முறைப்பார்கள். இந்த அம்மா மட்டும் முழு வாடா ஒன்றை எடுத்து நின்று நிதானமாகத் தின்பார்.

"பாத்துக்கங்க தம்பி, நல்லா பாத்துக்கங்க. நான் சாவலேன்னா எம்புள்ளைக்குக் குடுங்க."

இப்படிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். ரம்ஜான் மாதம் மட்டும் சமைத்தது எதுவும் வராது. தானே வாயில் வைத்துக் காட்ட முடியாதே, அதனால் பிரிக்காத பேரீச்சம்பழப் பாக்கெட்தான். அவ்வளவு நேர்த்தியான பெண்பிள்ளை. பதினேழு திங்கட்கிழமை வந்திருந்தார். பதினேழு கைநாட்டு நோட்டில் இருந்தது, எல்லாவற்றிலும் கட்டைவிரல் ரேகையின் குறுக்கே ஒரு கோடு, மீன் ஆயும்போது அரிவாள்மணை வெட்டிய தழும்பு.

இன்னொருத்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும், அப்போதுதான் என் மீது உங்களுக்குக் கோபம் கொஞ்சம் குறையும். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கைதி இருந்தான், சொந்த மாமனாரை இரண்டு தரம் சாகடித்தவன். முதல் தரம் மாமனார் இறந்தார் என்று போலீஸ் காவலோடு சாவு வீட்டுக்குப் போய் வந்தான். இரண்டாம் தரம் அதே மாமனார் மறுபடி இறந்தார், ஆள் மாறி ஆள் வந்த நேரம், யாரும் கவனிக்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் காவலரைத் தள்ளிவிட்டுப் போயே போய்விட்டான். மாமனார் இன்றைக்கும் சுரக்குடியில் நெல் காய வைத்துக்கொண்டிருக்கிறார், நானே பார்த்தேன். அந்தத் தாளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டவன் நான். மெமோ, விசாரணை, ஆறு மாதம் தூக்கம் போயிற்று. அதற்குப் பிறகு எவன் வீட்டில் சாவு என்றாலும் எனக்கு முதலில் வருவது துக்கம் இல்லை, சந்தேகம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ரம்ஜான் பெருநாள் முடிந்து பத்து நாள் இருக்கும். காலை பதினொன்றரை, நல்ல வெயில், ஜன்னலில் கூட்டம் இல்லை. கதீஜா நாச்சியார் வந்து நின்றார். மனுவைக் கொடுத்தார், மை அட்டையைத் தள்ளினேன், கட்டைவிரலை வைத்தார். தூக்குவாளியை நீட்டினார், வாங்கித் திறந்தால் வாடா, ஏழோ எட்டோ. ஒன்றை எடுத்துச் சாப்பிடுவார் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன், அவர் எடுக்கவில்லை.

"சாப்புடுங்கம்மா" என்றேன்.

"இன்னிக்கு வேணாம் தம்பி. நோம்பு."

எனக்குச் சுருக்கென்றது. ரம்ஜான் முடிந்து பத்து நாள் ஆகிறது, இப்போது என்ன நோன்பு? அப்படியே நோன்பு என்றாலும் ரம்ஜானில் சமைத்ததே கொண்டு வராத அம்மா இன்றைக்கு மட்டும் ஏன் கொண்டு வந்தார்? பதினேழு வாரம் என்னைச் சிரிக்க வைத்துப் பழக்கப்படுத்தியதெல்லாம் இந்தப் பதினெட்டாவது வாரத்துக்குத்தானோ என்று ஓடுகிறது புத்தி. என் புத்தி அப்படி. கரண்டியை எடுத்து ஒவ்வொரு வாடாவாக உடைத்தேன். இறாலைப் பிய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சரி, அடித்தட்டு இரட்டையாக இருக்குமோ என்று தூக்குவாளியைக் கவிழ்க்காமல் அடியில் கைவைத்து அழுத்திப் பார்த்தேன். ஐயோ, என்ன சூடு! அடுப்பில் இருந்து அந்த நொடி இறக்கிய மாதிரி. கட்டைவிரல் பொசுங்கிப் போயிற்று. கையை உதறினேன். வாடா வைத்த பாத்திரம் அப்படிச் சுடாது, அதுவும் அந்த அம்மா வீட்டிலிருந்து நடந்து வந்து சேரவே அரைமணி ஆகும். வலி வேறு, கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"சாப்பாடும் கெடையாது, மனுவும் கெடையாது. கெளம்புங்க" என்று கத்தினேன்.

அந்த அம்மா கெஞ்சவில்லை. வழக்கமாக மனு மறுத்தால் அழுவார்கள், மண்ணைத் தூற்றுவார்கள். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி தம்பி. எம்புள்ளைய அலைக்கழிக்க வேணாம். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடுங்க."

எழுத வேண்டியதை நோட்டில் எழுதி, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று போட்டுவிட்டு நிமிர்ந்தேன், ஆள் இல்லை. தூக்குவாளி ஜன்னலிலேயே இருந்தது. எடுத்து உள்ளே அலமாரியில் வைத்தேன், பிறகு விசாரிக்கலாம் என்று. வந்தேன் என்று சொல்லச் சொன்னாரே, அதையும் ரபீக்கிடம் சொல்லவில்லை. ஏதாவது குறிப்புச் சொல்லாக இருக்குமோ என்று சந்தேகம்.

ஒரு மணி சுமாருக்கு ரபீக்கின் மச்சான் ஜமால் வியர்க்க விறுவிறுக்க வந்தான், அக்கா புருஷன். கையில் ஒரு மனு, ஜெயிலருக்கு. 'மாமியார் கதீஜா நாச்சியார் இன்று அதிகாலை காலமாகிவிட்டார், மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம், மகனைக் காவலோடு அனுப்பி முகம் பார்க்க விட வேண்டும்.' படித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன். வசமாக மாட்டினீர்கள் என்று.

"காலைலயே காலமாயிட்டாங்களா? ஒங்க மாமியாரு பதினொன்ர மணிக்கு இந்த எடத்துல நின்னாங்க. இந்தா கைநாட்டு, ஈரம்கூட காயல."

அவன் நோட்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். வெள்ளைத் துணிக்குள் அந்த முகம், மூக்கில் பஞ்சு. "இத எப்ப எடுத்தீங்களோ, யாருக்குத் தெரியும்" என்றேன். இதைச் சொன்ன வாய் இதுதான்.

ஜெயிலர் ரபீக்கைக் கூப்பிட்டு வரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் அவன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு அதுவும் நடிப்பாகத்தான் தெரிந்தது.

"எழுந்திரிடா. ஒங்கம்மா இன்னிக்கு வந்தாங்க. தூக்குவாளிய வாங்கி வச்சதே நான்தான்" என்றேன்.

அவன் தலையைத் தூக்கினான். "வந்தாங்களாய்யா? நெசமா வந்தாங்களா?"

"வந்தாங்க வந்தாங்க. அதான் சொல்றேன்ல."

"நெசமாவா ஐயா?"

மறுபடி மறுபடி அதையேதான் கேட்டான். ஜமால் ஜெயிலர் காலில் விழாத குறை. "சார், மண்ணள்ளிப் போட பெத்த புள்ள அவன் ஒருத்தன்தான் சார். எங்க வழக்கத்துல மய்யித்த வச்சிருக்க மாட்டாங்க சார், சீக்கிரம் அடக்கணும்." ஜெயிலர் நல்ல மனிதர், அவர் என்னைத்தான் பார்த்தார். "நீ நேர்ல பாத்தியாய்யா? நல்லா தெரியுமா? ஒன் வார்த்தைய வச்சித்தான் எழுதப் போறேன்." நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "எழுதுங்க சார், பதினேழு வாரமா பாக்குற மொகம்" என்றேன். அவர் எழுதினார். 'இறந்ததாகச் சொல்லப்படும் நபர் இன்று முற்பகல் நேரில் வந்ததால், விசாரித்த பிறகே அனுப்ப முடியும்.' அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் ரபீக் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று.

ஐந்தரைக்கு வேலை முடிந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் தெருவுக்குப் போனேன். துக்கம் கேட்கப் போனேன் என்று நினைக்காதீர்கள், கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன். தெருமுனையிலேயே வண்டி நின்றுவிட்டது, நான்தான் நிறுத்தினேன் போலிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள். தொப்பி போட்ட ஆண்கள் பள்ளிவாசல் பக்கமிருந்து திரும்பி வருகிறார்கள். நடந்து வருகிறவர்கள் கையில் எல்லாம் மண். ஜமால் என்னைப் பார்த்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க சார் என்றான்.

உட்கார்ந்தேன். ஆனாலும் பழக்கம் விடுமா, கேள்விதான் வந்தது. "காலைல வாடா சுட்டாங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ரபீக்கின் அக்கா பதில் சொன்னார். "வாடாவா? இன்னிக்கு இந்த வீட்ல அடுப்பே பத்த வைக்கலங்க. மய்யித்து கெடக்குற வீட்ல யாரு சமைப்பா? பக்கத்து வீட்லேந்துதான் டீ வந்துச்சு."

"தூக்குவாளி?"

"அத காலைலேந்து தேடுறோம், காணல."

அவர் அழுதுகொண்டே பேசினார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "பெருநாளு முடிஞ்சி ஆறு நோம்பு புடிச்சிட்டு இருந்தாங்க எங்க உம்மா. இன்னிக்கு ஆறாவது. விடியறதுக்கு முன்ன சஹருக்குச் சாப்ட்டு, சுபுஹு தொழுவிட்டு, செத்த சாஞ்சிக்கிறேன்னாங்க. அப்புடியே போயிட்டாங்க. நோம்போடதான் போனாங்க."

நோன்பு என்று அந்த அம்மா சொன்னதை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஜெயிலரிடம்கூடச் சொல்லவில்லை, சாப்பிட மறுத்தார் என்று மட்டும்தான் சொன்னேன். நாற்காலியில் இருந்து எப்படி எழுந்தேன், எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை. வீட்டுக்குப் போகவில்லை, திரும்பச் சிறைக்குத்தான் வந்தேன்.

கைதிகளை அறைக்குள் அடைத்து எண்ணிக்கை முடிந்திருந்தது. அலமாரியைத் திறந்தேன். தூக்குவாளி ஜில்லென்று இருந்தது. மத்தியானத்திலிருந்து மூடி சரியாகப் போடாமல் கிடக்கிறது, அந்த அலமாரியில் ஒரு சர்க்கரைத் துளி விழுந்தாலே எறும்பு சாரை கட்டும், அன்றைக்கு ஒரு எறும்பு இல்லை. எடுத்துக்கொண்டு போய் ரபீக்கிடம் கம்பி வழியாகக் கொடுத்தேன். யாரும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டாமல் நான் உள்ளே விட்ட சாப்பாடு என் சர்வீஸில் அது ஒன்றுதான். அவன் மூடியில் பெயரைத் தடவிப் பார்த்தான். திறந்தான்.

"எல்லாத்தயும் ஒடச்சிட்டீங்களாய்யா?" என்றான்.

தூளையெல்லாம் எடுத்துத் தின்றான், அறையில் இருந்தவர்களுக்கும் கொடுத்தான், ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

நீங்கள் கேட்கப் போவதெல்லாம் நானே என்னைக் கேட்டுவிட்டேன். தங்கை, ஜாடை ஒத்தவர், வேறு யாராவது என்று ஒரு மாதம் விசாரித்தேன். கூடப் பிறந்தவர் ஒருவரும் இல்லை. நோட்டைக் கைரேகை தெரிந்த ஒரு நண்பரிடம் காட்டினேன், கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பதினெட்டும் ஒரே விரல்தான்யா, இதுல என்ன சந்தேகம் என்றார். ஜன்னல் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அது ஜன்னலுக்கு உள்பக்கம் இருக்கிறது, என் முதுகைத்தான் காட்டுகிறது. நான் பேசுகிறேன், கை நீட்டுகிறேன், கையை உதறுகிறேன், கத்துகிறேன். எதிரில் யார் என்று தெரியவில்லை. அடுத்த ஆறு மாதத்துக்கு நான் ரபீக் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

ரபீக் குற்றமற்றவன் என்று கோர்ட்டு விட்டுவிட்டது. விலக்கித்தான் விட்டிருக்கிறான், நிஜமாகவே. விடுதலையாகிப் போன இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, பதினொன்றரை மணி, ஜன்னலில் அதே தூக்குவாளி. எனக்கு ஒரு கணம் உயிரே இல்லை. பார்த்தால் ரபீக். அறையில் கூட இருந்தவர்களுக்கு வாடா கொண்டு வந்திருக்கிறான். நான் கேட்காமலேயே முழுசாக ஒன்றை எடுத்து நின்று தின்றான். எனக்கும் ஒன்றை நீட்டினான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "ஒங்கம்மா அன்னிக்கு ஒன்னுதான் கேட்டாங்க தம்பி. நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடுங்கன்னு. அத ஒங்கிட்ட நான் சொல்லலியே" என்றேன்.

"சொன்னீங்களே ஐயா" என்றான். "அன்னிக்கு எல்லாரும் உம்மா போயிட்டாங்கன்னுதான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்தாங்கன்னு சொன்னீங்க."

அவன் போய்விட்டான். மன்னித்துச் சொன்னானா, குத்திச் சொன்னானா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. சந்தேகப்படுகிறவனுக்கு அதுகூட நிம்மதியாகக் கிடைக்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் கட்டைவிரல். கொப்புளம் மூன்றே நாளில் ஆறிவிட்டது, டாக்டரிடம் காட்டினால் தழும்பே இல்லை, ரேகையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். ஆனால் எங்கள் வருகைப் பதிவு மெஷினில் அந்த விரலை வைத்தால் எடுப்பதில்லை. விரலைத் திரும்பப் பதிவு செய்து பார்த்தார்கள், மெஷினையே மாற்றிப் பார்த்தார்கள். தினமும் காலையில் விரலை வைக்கிறேன், 'ஆள் சரியில்லை' என்று சிவப்பு விளக்கு எரிகிறது. மற்றவர்கள் எல்லாம் விரல் வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். நான் மட்டும், வந்தேன் என்று சொல்லிவிட்டு, யாராவது நம்பி உள்ளே விடும் வரை வாசலில் நிற்கிறேன்.